ஜெனரேட்டருக்கு எந்த ஆயில்? முதன்முறையாக வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிய ஜெனரேட்டர் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் பெட்டிக்குள் வருகிறது. வழியில் கவிழ்ந்தால் கசிந்துவிடும் என்பதால் தொழிற்சாலையிலேயே காலியாக அனுப்பிவிடுகிறார்கள். இது தெரியாமல் பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுத்தால் என்ன ஆகும்? ஆயில் குறைவை உணரும் சென்சார் இருந்தால் இயந்திரம் ஸ்டார்ட் ஆகாது, தப்பித்தோம். சென்சார் இல்லாத இயந்திரமோ தயக்கமின்றி ஓடத் தொடங்கும். சில நிமிடங்களிலேயே பிஸ்டனும் சிலிண்டரும் உரசிக் கீறல் விழுந்துவிடும், வாரண்டியும் கைவிட்டுப் போகும். ஆகவே ஆயிலைத் தேர்ந்தெடுப்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் வேலை அல்ல. பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே முடிக்க வேண்டியது.

கடை அலமாரியின் முன் நின்றால் குழப்பம் தொடங்கும். எண்களும் எழுத்துகளுமாக வரிசையாகப் புட்டிகள். யாரைக் கேட்டாலும் ஒரு பிராண்டின் பெயரைச் சொல்வார்கள். என் கணக்கில் பிராண்ட் என்பது கடைசிக் கேள்வி. இது என்ன வகை இன்ஜின், எந்த வெப்பநிலையில் ஓடப்போகிறது, அதன் கையேடு எந்தத் தரத்தைக் கேட்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் பெரும்பாலான புட்டிகள் தாமாகவே விலகிவிடும். மிச்சமிருப்பவற்றில் எதை வாங்கினாலும் பழுதில்லை. ஆனால் வாங்கிய ஆயிலை எத்தனை மணி நேரம் உள்ளே விட்டுவைக்கிறீர்கள் என்பதில் பழுது உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கார் இன்ஜினும் இதுவும் ஒன்றல்ல

வீட்டில் காருக்கோ பைக்குக்கோ வாங்கி மிச்சமான ஆயில் இருக்கும். அதை ஊற்றிவிடலாமே என்று தோன்றும். சில நேரம் அது சரியாகவே இருக்கும். எப்போது சரி, எப்போது தவறு என்று தெரிய வேண்டுமானால் இந்தச் சிறிய இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காரில் ரேடியேட்டரும் அதற்குள் சுற்றும் குளிர்விப்பு நீரும் இன்ஜின் வெப்பத்தை ஒரு கட்டுக்குள் வைத்திருக்கின்றன. தூக்கிச் செல்லும் ஜெனரேட்டர்களில் அது கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளின் மீது ஒரு விசிறி காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். காற்றே சூடாக இருக்கும் நாளில், முழு லோடும் ஏறியிருக்கும்போது, உள்ளே இருக்கும் ஆயிலின் வெப்பம் காரில் இருப்பதைவிட எளிதாக மேலே போய்விடும். இங்கே ஆயிலுக்கு உராய்வைக் குறைக்கும் வேலையோடு வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றும் வேலையும் பெரிய அளவில் சேர்ந்துகொள்கிறது.

இன்னொரு முக்கியமான வேறுபாடு: பெரும்பாலான சிறிய ஜெனரேட்டர்களில் ஆயில் பம்ப் இல்லை, ஆயில் ஃபில்டரும் இல்லை. பிஸ்டனோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடின் அடிமுனையில் ஒரு சிறு கரண்டி போன்ற நீட்டம் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது கீழே தேங்கியிருக்கும் ஆயிலை அடித்து மேலே தெறிக்கவிடும். அந்தத் தெறிப்பும் அதனால் எழும் ஆயில் நுண்துளி மூட்டமும்தான் எல்லாப் பாகங்களையும் நனைக்கின்றன. ஆயில் மட்டம் குறைந்தால் நீட்டம் வெறும் காற்றை அடிக்கும். ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் தெறிப்பு சரியாகப் பரவாது. ஃபில்டர் இல்லாததால் தேய்மானத்தில் உதிரும் உலோகத் துகளும் கரியும் அடுத்த ஆயில் மாற்றம் வரை அதே ஆயிலில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த ஆயிலின் அளவும் மிகக் குறைவு. கையில் தூக்கிச் செல்லும் அளவிலான சிறிய இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரில் (மின்னணுச் சுற்றால் மின்சாரத்தைச் சீராக்கித் தருவது) சுமார் 400 மில்லி. நடுத்தர இன்ஜினில் 600 மில்லி. சக்கரம் வைத்த பெரிய சட்டக ஜெனரேட்டரில் 1.1 லிட்டர் வரை. இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் சாதாரண ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்றில், 60 ஹெர்ட்ஸ் என்றால் 3,600 சுற்றில், நிற்காமல் ஓடுகிறது. ஆயில் மாற்ற வழக்கமான இடைவெளியான 100 மணி நேரம் என்பது, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாகனம் 5,000 கிலோமீட்டர் போவதற்குச் சமம். காரில் நாலைந்து லிட்டர் ஆயிலும் ஒரு ஃபில்டரும் சேர்ந்து சுமப்பதை இங்கே அரை லிட்டர் தனியாகச் சுமக்கிறது.

முதல் படி: என்ன வகை இன்ஜின் என்று பாருங்கள்

இன்ஜினின் அடிப்பகுதியில் ஆயில் ஊற்றத் தனி மூடி இருக்கிறதா? அதோடு சேர்ந்து ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி, அதாவது டிப்ஸ்டிக், வருகிறதா? அப்படியென்றால் அது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். இன்று விற்கும் பெட்ரோல் ஜெனரேட்டர்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். இந்தக் கட்டுரையில் மேற்கொண்டு வருவது அனைத்தும் இதைப் பற்றியதே.

தனி மூடி இல்லை, ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றச் சொல்லியிருக்கிறது என்றால் அது டூ ஸ்ட்ரோக். அதற்கு டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றே தனியாக விற்பதைத்தான் வாங்க வேண்டும். அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோவதற்காகவே தயாரிக்கப்படுவது. கலவை விகிதம் கையேட்டில் இருக்கும். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. ஒன்றுக்கான ஆயிலை மற்றொன்றில் ஊற்றினால் இரண்டு இன்ஜினும் கெடும்.

டீசல் ஜெனரேட்டருக்கு டீசல் தர ஆயில் தேவை, பெரும்பாலும் 15டபிள்யூ-40. சமையல் எரிவாயுவிலும் பெட்ரோலிலும் மாறி மாறி ஓடும் இரட்டை எரிபொருள் ஜெனரேட்டருக்குத் தனி ஆயில் பொதுவாகத் தேவையில்லை. பெட்ரோலுக்குச் சொன்னதே அதற்கும் போதும்.

இரண்டாம் படி: கையேட்டில் மூன்று விவரங்கள்

கையேட்டை முழுவதும் படிக்க வேண்டும் என்று சொல்வது நல்லொழுக்கம். படிக்கமாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும். ஆயிலைப் பற்றிய பக்கத்தை மட்டுமாவது பாருங்கள். அங்கே மூன்று விவரங்கள் இருக்கும்: எந்த வெப்பநிலைக்கு எந்த எண் ஆயில் என்று காட்டும் பட்டை வரைபடம், 'எஸ்ஜே அல்லது அதற்கு மேல்' என்பதுபோல் ஒரு தரக் குறியீடு, மொத்தம் எவ்வளவு ஆயில் பிடிக்கும் என்ற அளவு. மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் சரி.

கையேடு தொலைந்துவிட்டதா, பழைய ஜெனரேட்டரைக் கைமாறி வாங்கினீர்களா? இன்ஜின் மீது பதித்திருக்கும் மாடல் எண்ணைத் தேடுங்கள். ஜெனரேட்டரில் எழுதியிருக்கும் பெயரும் இன்ஜினைத் தயாரித்த நிறுவனமும் வேறுவேறாக இருப்பது சகஜம். ஆயில் விஷயத்தில் இன்ஜின் தயாரிப்பாளர் சொல்வதே முக்கியம். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் கையேட்டை இலவசமாகவே தருகின்றன.

மூன்றாம் படி: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

10டபிள்யூ-30, எஸ்ஏஇ 30, 5டபிள்யூ-30 என்று புட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது அது எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பது. அமெரிக்காவில் 1905-இல் தொடங்கிய வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த அளவுகோல் இது.

இந்த எண்களைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். குளிரில் 10 போல இளகியிருக்கும் ஆயில் சூடானதும் 30 போலக் கெட்டியாகிவிடும் என்று நினைப்பார்கள். எந்த ஆயிலும் சூடானால் இளகத்தான் செய்யும், கெட்டியாகாது. முன்னால் வரும் 10-உம் டபிள்யூ என்ற எழுத்தும் குளிர்காலத்துக்கான சோதனையைக் குறிக்கின்றன. உறையும் குளிரில் இன்ஜினைச் சுழற்ற அந்த ஆயில் எவ்வளவு தடை தருகிறது என்பதே சோதனை. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். பின்னால் வரும் 30 என்பது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டித்தன்மையைத் தக்கவைக்கிறது என்பதற்கானது. அந்தச் சூட்டில் 30-ஆம் எண் ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள். எண்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை. முன் எண் குறையக் குறையக் குளிரில் எளிதாக ஸ்டார்ட் ஆகும். பின் எண் கூடக் கூடச் சூட்டில் ஆயில் படலம் தடித்து நிற்கும்.

ஒற்றை எண் மட்டும் இருக்கும் எஸ்ஏஇ 30 குளிர்ச் சோதனைக்கு உட்படாதது. சூட்டில் அது 10டபிள்யூ-30 போலவேதான் நடந்துகொள்ளும். குளிரில் கெட்டிப்பட்டு இறுகும். அப்படியென்றால் அதை ஏன் இன்னும் விற்கிறார்கள்? இரட்டை எண் ஆயிலில் பாகுத்தன்மையைச் சமன்செய்ய நீண்ட பாலிமர் இழைகளைச் சேர்க்கிறார்கள். காற்றால் குளிரும் இன்ஜினின் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் அந்த இழைகள் நாளடைவில் அறுபட்டு, ஆயில் இளகத் தொடங்கும். ஒற்றை எண் ஆயிலில் அந்த இழைகள் இல்லை அல்லது மிகக் குறைவு. அறுபடவும் எதுவும் இல்லை. வெயில் காலத்தில் நெடுநேரம் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பழைய பாணி ஆயில் இன்றும் நல்ல துணை.

இனித் தேர்வு.

ஆண்டு முழுவதும் மிதமான வெப்பநிலை, குளிரும் வெயிலும் உச்சத்துக்குப் போகாது என்றால் 10டபிள்யூ-30 வாங்குங்கள். பெரும்பாலான கையேடுகள் பொதுப் பயன்பாட்டுக்குச் சொல்வதும் இதுதான். ஏறத்தாழ மைனஸ் 18 முதல் 38 டிகிரி வரை இதன் எல்லை.

காற்றின் வெப்பம் 27 டிகிரியைத் தாண்டி நாள் முழுவதும் நிற்கும் இடங்களில் 10டபிள்யூ-30 வழக்கத்தைவிட வேகமாகத் தீரலாம். அது இன்ஜின் கோளாறு அல்ல. இளகிய ஆயில் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி மேலேறி எரிகிறது. அங்கே எஸ்ஏஇ 30 பொருத்தமானது. சில தயாரிப்பாளர்கள் வெப்பமான பகுதிகளுக்கு 10டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 போன்றவற்றையும் அனுமதிக்கிறார்கள். உங்கள் கையேட்டின் வரைபடத்தில் அவை இருந்தால் ஊற்றலாம். இல்லையென்றால், வெயில் அதிகம் என்பதற்காக நீங்களாகவே 50 வரை ஏற வேண்டாம். அளவுக்கு மீறிய கெட்டி ஆயில் இன்ஜினுக்குச் சுமை. ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில், தெறிப்பு மேலே சேருவதற்குள், அதிகத் தேய்மானத்தையும் தரும்.

வெப்பநிலை 4, 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடத்தில் எஸ்ஏஇ 30 வேண்டாம். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் வலிக்கும். உறைபனிக் குளிருக்கு, வேதிமுறையில் தயாரிக்கும் சிந்தெடிக் வகை 5டபிள்யூ-30. அது சுமார் மைனஸ் 30 முதல் 40 டிகிரி வரை தாங்கும் என்பதால், பருவத்துக்குப் பருவம் ஆயிலை மாற்ற மனமில்லாதவர்களுக்கும் ஏற்றது.

எந்த வெப்பநிலையைக் கணக்கில் எடுப்பது என்ற சந்தேகம் வரும். ஆயில் வாங்கும் நாளின் வெப்பநிலையை அல்ல. அடுத்த ஆயில் மாற்றம் வரை ஜெனரேட்டர் நிற்கப்போகும் இடத்தின் வெப்பநிலையை. தகரக் கூரையின் கீழோ, சுவரை ஒட்டியோ வைத்திருந்தால் வெளியே 32 டிகிரியாக இருக்கும்போது இன்ஜின் உறிஞ்சும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிய கார்களுக்கென்று வரும் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 போன்றவை எரிபொருள் சிக்கனத்துக்காக மிக இளக்கமாகத் தயாரிக்கப்பட்டவை. கார் புதியது, ஆயிலும் விலை கூடியது, ஆகவே ஜெனரேட்டருக்கும் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். கையேட்டில் அந்த எண் இல்லாதவரை அதை ஊற்றக் கூடாது.

நான்காம் படி: பின்பக்கத்து எழுத்துகள்

எண்ணைப் பார்த்ததும் புட்டியைத் திருப்புங்கள். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐயின் தரக் குறியீடு, பெரும்பாலும் ஒரு வட்டத்துக்குள், இருக்கும். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கானது. சி என்று தொடங்கினால் டீசலுக்கானது. எஸ்-க்குப் பிறகு வரும் ஆங்கில எழுத்து அகரவரிசையில் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, அந்தத் தரம் அவ்வளவு புதியது. எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என், 2020-இல் வந்த எஸ்பி என்று போகும். புதிய தரம் பழையதை உள்ளடக்கியதாகவே வகுக்கப்படுகிறது. எனவே கையேடு எஸ்ஜே கேட்டால் எஸ்என் ஊற்றலாம். எஸ்என் கேட்கும் இன்ஜினுக்கு எஸ்ஜே ஊற்ற முடியாது.

எஸ்பி என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும் அளவுக்கு, ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் நம் காதுக்கு ஒரே ஒலி. நான் மேலே சொன்ன 2020-ஆம் ஆண்டுத் தரம் பதினாறாம் எழுத்தில் முடிவது. முதல் எழுத்திலோ இரண்டாம் எழுத்திலோ முடியும் தரங்கள் மிகப் பழையவை. முதல் எழுத்துத் தரத்தில், அதாவது எஸ்ஏவில், ஆயிலை மேம்படுத்தும் சேர்க்கைப் பொருள்களே கிடையாது. 1930-க்குப் பிறகு வந்த பெரும்பாலான வாகன இன்ஜின்களுக்கு அது ஆகாது என்று ஏபிஐயே எச்சரிக்கிறது. விலை குறைவான புட்டிகளில் இத்தகைய தரம் இன்னும் கண்ணில் படுவதுண்டு. தொடாதீர்கள்.

எஸ், சி இரண்டு குறியீடுகளும் ஒரே புட்டியில் இருந்தால் பயப்பட வேண்டாம். அந்த ஆயில் இரண்டு வகை இன்ஜினுக்கும் தேர்ச்சி பெற்றது என்று பொருள். பைக் ஆயிலில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று காணலாம். ஆயிலில் மூழ்கி இயங்கும் கிளட்ச் வழுக்காது என்பதற்கான உறுதி அது. ஜெனரேட்டரில் அப்படிப்பட்ட கிளட்ச் இல்லை, ஆகவே அந்தக் குறியீடு தேவையும் இல்லை, தீங்கும் இல்லை. எண்ணும் ஏபிஐ தரமும் பொருந்தினால் மிச்சமிருக்கும் கார் ஆயிலையோ பைக் ஆயிலையோ ஊற்றலாம். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

மினரலா, சிந்தெடிக்கா?

புதிய இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு உரசி, ஒன்றுக்கொன்று பொருந்தி அமைய வேண்டும். அந்தத் தொடக்கக் காலத்துக்கு, கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறும் சாதாரண மினரல் ஆயிலே போதும் என்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். சில தயாரிப்பாளர்களும் அப்படியே சொல்கிறார்கள். வேறு சிலர் முதல் நாளிலிருந்தே சிந்தெடிக் ஊற்றலாம் என்கிறார்கள். உங்கள் கையேடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நில்லுங்கள். அது எதுவும் சொல்லவில்லை என்றால் முதல் நிரப்பலுக்கு மினரல் வாங்குவேன். 20 மணி நேரத்தில் வெளியேற்றப்போகும் ஆயிலுக்கு அதிகம் செலவழிப்பானேன்?

பிறகு சிந்தெடிக்குக்கு மாறலாமா என்றால், தாராளமாக. குளிரில் எளிதாகப் பாயும், சூட்டில் விரைவில் சிதையாது. ஒன்றே ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: ஆயில் மாற்றும் இடைவெளியை அது நீட்டித் தராது. காரில் சிந்தெடிக் நெடுநாள் தாங்குவதற்கு அதன் தரம் பாதிக் காரணம் என்றால், அழுக்கைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் மீதிக் காரணம். இங்கே ஃபில்டர் இல்லை. எவ்வளவு உயர்ந்த ஆயிலாக இருந்தாலும் அதில் மிதக்கும் உலோகத் துகள் துகள்தான். ஒழுங்காக மாற்றப்படும் சாதாரண 10டபிள்யூ-30, இரண்டு ஆண்டு மறந்து விடப்பட்ட சிந்தெடிக்கைவிட எந்த நாளிலும் மேல்.

ஆயிலோடு சேர்த்து ஊற்றச் சொல்லிக் கடையில் நீட்டும் சிறு 'பூஸ்டர்' புட்டிகளை வாங்காதீர்கள். தேவையான சேர்க்கைப் பொருள்கள் ஆயிலுக்குள் அளவாகச் சேர்க்கப்பட்டே வருகின்றன. அந்தக் கலவையைக் குலைக்க நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஊற்றும் முறை

ஜெனரேட்டரைச் சமதளத்தில் வையுங்கள். இதை அலட்சியப்படுத்தினால் மற்ற எல்லாம் வீண். ஒரு பக்கம் சரிந்த இன்ஜினில் டிப்ஸ்டிக் காட்டும் மட்டம் பொய்.

மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துணியால் துடைத்துவிட்டுத் திறங்கள். கையேடு சொல்லும் அளவில் முக்கால் பங்கைப் புனல் வழியாக ஊற்றுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். சில இன்ஜின்களில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல், ஆயில் ஊற்றும் துளைக்குள் வெறுமனே விட்டுப் பார்க்க வேண்டும். சிலவற்றில் முழுதாகத் திருகி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே மட்டம் கணிசமாக மாறும் என்பதால் கையேட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல்குறி வரை கொண்டுவாருங்கள். பல சிறிய இன்ஜின்களில் ஊற்றும் வாயின் கீழ் விளிம்பை ஆயில் தொட்டு நிற்பதே முழு அளவு.

'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்ற எண்ணம் இங்கே செல்லாது. அதிகமாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு உராய்வைத் தடுக்கும் வலு இல்லை. உபரி ஆயில் மூச்சுக் குழாய் வழியாக ஏறி ஏர் ஃபில்டரை நனைக்கும். புகைபோக்கியில் நீலப் புகை வரும். அதிகமாகிவிட்டால் வடிகால் போல்ட்டைத் தளர்த்திக் குறைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மணிக்கணக்கு

முதல் ஆயிலை ஏறத்தாழ 20 மணி நேரத்தில், அல்லது ஒரு மாதத்தில் மாற்றச் சொல்வது பரவலான விதி. இன்னும் முன்னதாகவே, 5 அல்லது 8 மணி நேரத்தில் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிரும் துகள்கள் அதிகம் என்பதே காரணம். முதல் முறை வடிக்கும் ஆயிலில் மினுமினுப்புத் தெரிந்தால் கலங்காதீர்கள். மூன்றாம் நான்காம் முறையும் தெரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. எது முதலில் வருகிறதோ அது. கடும் வெயிலிலும் முழு லோடிலும் ஓடினால் 50 மணி நேரத்தில் மாற்றுவது நல்லது. மணிக்கணக்கு மீட்டர் இல்லாத இயந்திரத்தில் ஒரு தாளை ஒட்டி, ஓட்டிய நேரத்தை எழுதிவாருங்கள்.

புயலுக்குப் பின் மின்சாரம் வராத நாட்களில்தான் இந்தக் கணக்கு சறுக்கும். இடைவிடாமல் ஓடினால் நான்கு நாள் நான்கு மணி நேரத்தில் 100 மணி முடிந்துவிடுகிறது! ஆறு மாதத்துக்குப் போதும் என்று நினைத்த ஆயில் ஒரே வாரத்தில் கரிக்குழம்பாகிவிடும். கடைகளும் மூடியிருக்கும். ஆகவே வாங்கும்போதே குறைந்தது இரண்டு மாற்றத்துக்கான ஆயிலை வாங்கி வையுங்கள். பெட்ரோல் நிரப்ப நிறுத்தும் ஒவ்வொரு முறையும், சில நிமிடம் ஆறவிட்டு, டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். இத்தனை மணி நேரம் ஓட்டுபவர்களுக்கு ஆயிலைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்குள், மூடிய ஷெட்டுக்குள், ஜன்னல் ஓரத்தில் ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர்களை எழுப்பாமலேயே கொன்றுவிடும்.

அவசரத்தில் அதே எண்ணில் ஆயில் கிடைக்காமல், வேறு பிராண்டோ சற்றே வேறு எண்ணோதான் கையில் இருக்கிறது என்றால்? ஊற்றுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்கள் மினரலானாலும் சிந்தெடிக்கானாலும் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. பொருந்தாத எண்ணைவிட, குறைந்த மட்டம்தான் இன்ஜினை விரைவில் கொல்லும். மின்சாரம் வந்ததும் வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றிக்கொள்ளலாம்.

ஆயில் சென்சாரை முழுக்க நம்ப வேண்டாம். இத்தகைய இன்ஜின்களில் அது மட்டத்தை மட்டுமே பார்க்கிறது. ஆயில் புதிதா, கரிக்குழம்பா என்று அதற்குத் தெரியாது. ஜெனரேட்டர் சரிவில் நின்றால் ஆயில் போதுமான அளவு இருந்தும் அது இன்ஜினை நிறுத்திவிடும். காரணமின்றி நின்றுபோகிறது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது தரை மட்டத்தைத்தான்.

பழைய ஆயிலை வடிப்பது

இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கையும் இழுத்துக்கொண்டு முழுதாக வடியும். கொதிக்கும் நிலையில் திறந்தால் கை வெந்துவிடும், எச்சரிக்கை. பெட்ரோல் வால்வை மூடி, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கீழே அகலமான பாத்திரத்தை வைத்து வடிகால் போல்ட்டைக் கழற்றுங்கள். வடிகால் போல்ட் இல்லாத சிறிய இன்வெர்ட்டர் வகையை, பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கிவிட்டு, ஊற்றும் வாய்ப் பக்கமாகச் சாய்த்து வடிக்க வேண்டும். வடிந்ததும் போல்ட்டின் வாஷரைப் பாருங்கள். நசுங்கியிருந்தால் புதியது போடுங்கள். போல்ட்டை இறுக்கும்போது முரட்டு வேகம் வேண்டாம், இன்ஜின் உடல் அலுமினியம், மரை எளிதில் அழிந்துவிடும்.

வடிந்த ஆயில் நிறைய சொல்லும். கறுப்பாக இருப்பது கோளாறு அல்ல. அழுக்கைப் பிடித்துவைக்க வேண்டிய ஆயில் தன் வேலையைச் செய்திருக்கிறது. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே ஈரம் சேர்ந்திருக்கிறது. குறுகிய நேரம் ஓட்டி ஓட்டி நிறுத்தும் பழக்கத்தால் இது வரலாம். மழையில் நனைந்தாலும் வரலாம். மட்டம் தானாகக் கூடியிருந்து, பெட்ரோல் வாசனையும் அடித்தால், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் உள்ளே கசிகிறது. அதைச் சரிசெய்யும் வரை இன்ஜினை ஓட்டாதீர்கள். பெட்ரோலால் நீர்த்த ஆயில் எந்தத் தரக் குறியீடு பெற்றிருந்தாலும் பயனில்லை.

மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால், ஓரமாக வைப்பதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். எடுக்கும்போது மாற்றலாம் என்று பலர் விட்டுவிடுவார்கள். எரிந்த பெட்ரோலின் அமிலமும் ஈரமும் அந்தப் பழைய ஆயிலில் இருக்கும். சும்மா கிடக்கும் மாதங்களில்தான் அவை பேரிங்குகளை அரிக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி புதிய ஆயிலை விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்துவிட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டினால் சிலிண்டரும் துருப்பிடிக்காது.

பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பிலோ மறுசுழற்சி மையத்திலோ கொடுத்துவிடலாம். அந்தக் கேனில் பெட்ரோலோ தண்ணீரோ கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலந்தால் அவர்களும் வாங்கமாட்டார்கள்.